நெட் இருக்கு, ஆனா எதுவும் திறக்கல: நீலகிரியில் இணையக் கம்பெனியின் டிஎன்எஸ் சர்வர் படுத்தால் என்ன செய்வது?

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், மஞ்சூர் பக்கம் ஃபைபர் இணைப்பு வைத்திருக்கும் வீடுகளுக்கும் கடைகளுக்கும் விடுதிகளுக்கும் இது. முதல் வேலையாக இந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். முடிந்தால் அச்செடுத்து மோடம் பக்கத்தில் ஒட்டுங்கள். கோளாறு வந்த பிறகு தேடினால் இந்தப் பக்கமும் திறக்காது. கட்டளைகளையும் மெனு பெயர்களையும் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.

மோடத்தில் எல்லா லைட்டும் பச்சையாக எரிகிறது. வாட்ஸ்அப் கொஞ்ச நேரம் வந்தது. பிரவுசரில் மட்டும் எதுவும் திறக்கவில்லை. இது என்ன கோளாறு?

பெரும்பாலும் டிஎன்எஸ். நீங்கள் ஒரு தளத்தின் பெயரைத் தட்டியதும், அந்தப் பெயருக்குரிய ஐபி எண், அதாவது இணைய முகவரி எண், என்ன என்று உங்கள் போனோ கம்ப்யூட்டரோ முதலில் டிஎன்எஸ் சர்வரிடம் கேட்கும். எண் கிடைத்த பிறகுதான் தளத்துக்கே போகும். அந்தச் சர்வரை நடத்துவது நீங்கள் மாதாமாதம் பணம் கட்டும் இணையக் கம்பெனி. அது படுத்துவிட்டால் லைன் நன்றாக இருந்தும் எங்கே போவது என்று தெரியாமல் எல்லாம் நிற்கும்.

வாட்ஸ்அப் தாக்குப்பிடிப்பதற்குக் காரணம், அது ஏற்கெனவே திறந்து வைத்திருக்கும் தொடர்பு அறுபடாமல் இருப்பதுதான். வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட்டால் அதுவும் நின்றுவிடலாம். சில தளங்கள் திறந்து சில திறக்காமல் இருப்பதும் இதனால்தான். ஒருமுறை கேட்ட எண்ணைக் கருவிகள் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும். எவ்வளவு நேரம் என்பதை அந்தந்தத் தளம் தீர்மானிக்கிறது. பெரிய தளங்கள் பல ஒன்றிலிருந்து ஐந்து நிமிடம் வரைதான் வைக்கின்றன. அதனால் டிஎன்எஸ் கோளாறு ஒரே நொடியில் எல்லாவற்றையும் வீழ்த்தாது. பத்து, பதினைந்து நிமிடத்தில் ஒவ்வொன்றாகக் கழன்று விழும்.

கேபிள் அறுந்ததா, டிஎன்எஸ் போனதா? எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

மலையில் இதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் கூடலூர், பந்தலூர், குந்தா பக்கமும், வடகிழக்குப் பருவத்தில் குன்னூர், கோத்தகிரி பக்கமும் மரம் விழுந்து கம்பத்தோடு கேபிளும் போவது வழக்கம். அதனால் எது நடந்தாலும் “மழை, கேபிள் கட்” என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

ஃபைபர் மோடத்தில், அதாவது ஓஎன்டியில், இரண்டு விளக்குகளைப் பாருங்கள். ‘பான்’ என்பது நிலையாகப் பச்சையாக எரிய வேண்டும். ‘லாஸ்’ என்பது அணைந்திருக்க வேண்டும். லாஸ் சிவப்பாக மினுக்கினால் ஒளி உங்கள் வீட்டுக்கு வரவில்லை. அதற்கு லைன்மேன்தான் வர வேண்டும், டிஎன்எஸ் மாற்றி ஒரு பயனும் இல்லை.

விளக்குகள் சரியாக இருந்தால் அடுத்த சோதனை. போனில் மொபைல் டேட்டாவை அணைத்து, வைஃபையில் மட்டும் இருந்துகொண்டு, பிரவுசரின் முகவரிப் பட்டையில் 1.1.1.1 என்று தட்டுங்கள். பெயரே இல்லாத முகவரி என்பதால் இதற்கு டிஎன்எஸ் தேவையில்லை. பக்கம் வந்தாலும் சரி, எண் மறைந்து அந்த இடத்தில் ஒரு பெயர் வந்து அத்தோடு நின்றாலும் சரி, லைன் உயிரோடு இருக்கிறது, டிஎன்எஸ்தான் இல்லை என்று பொருள். ஒன்றுமே அசையவில்லை என்றால் லைனிலோ கம்பெனியின் உள் பாதையிலோ கோளாறு.

இன்னொரு வழி, கருவியே வேண்டாதது: அதே கம்பெனி இணைப்பு வைத்திருக்கும் மேட்டுப்பாளையம் அல்லது கோயம்புத்தூர் சொந்தக்காரருக்கு ஒரு போன். மலைப்பாதையில் கேபிள் போனால் கீழே இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. டிஎன்எஸ் சர்வர் பெரும்பாலும் கீழேதான் இருக்கும். அது படுத்தால் அவர் வீட்டிலும் இதே கதைதான்.

கம்ப்யூட்டரில் உறுதியாகத் தெரிந்துகொள்ள என்ன செய்வது?

விண்டோஸில் விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, சிஎம்டி என்று தட்டி என்டர் கொடுங்கள். கறுப்புத் திரை வரும். அதில் வரிசையாக:

பிங் 8.8.8.8

“ரிப்ளை ஃப்ரம்” என்று நாலு வரி வந்தால் லைன் சரி. அடுத்து:

என்எஸ்லுக்கப் கூகுள்.காம் 192.168.1.1

இது உங்கள் மோடத்திடம் கேட்பது. சில மோடங்களில் அந்த எண் 192.168.0.1 ஆக இருக்கும். ஐபிகான்ஃபிக் என்று தட்டினால் ‘டிஃபால்ட் கேட்வே’ என்ற வரியில் சரியான எண் தெரியும்.

என்எஸ்லுக்கப் கூகுள்.காம் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, கம்பெனியின் டிஎன்எஸ் எண்ணைத் தட்டுங்கள். அந்த எண், பிரவுசரில் மோடத்தின் எண்ணைத் தட்டினால் வரும் ஸ்டேட்டஸ் பக்கத்தில் ‘வான்’ (கம்பெனி லைன் பக்கம்) பகுதியில் ‘பிரைமரி டிஎன்எஸ்’, ‘செகண்டரி டிஎன்எஸ்’ என்று இருக்கும். நெட் நன்றாக இருக்கும் ஒரு நாளில் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக:

என்எஸ்லுக்கப் கூகுள்.காம் 8.8.8.8

மூன்றையும் சேர்த்துப் படியுங்கள். கம்பெனி எண்ணும் 8.8.8.8-ம் பதில் சொல்லி, மோடம் மட்டும் சொல்லவில்லை என்றால் மோடம்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. அதை ஒருமுறை அணைத்துப் போட்டால் சரியாகும். மோடமும் கம்பெனி எண்ணும் பேசாமல் 8.8.8.8 மட்டும் பதில் தந்தால், கம்பெனியின் டிஎன்எஸ் படுத்திருக்கிறது. மூன்றும் பேசவில்லை, பிங்கும் வரவில்லை என்றால் இது டிஎன்எஸ் விஷயமே இல்லை.

ஒரு சின்ன விஷயம்: பதிலின் முதல் வரியில் “சர்வர்: அன்னோன்” என்று வந்தால் பலர் அதையே கோளாறு என்று நினைக்கிறார்கள். இல்லை. மோடத்துக்குப் பெயர் வைக்கப்படவில்லை என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் கிடையாது. அதற்குக் கீழே என்ன வருகிறது என்று பாருங்கள்.

கீழே வரும் பிழைச் செய்திகளுக்கு என்ன பொருள்?

“ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்” என்றால் சர்வர் பேசவே இல்லை. படுத்துவிட்டது, அல்லது அதற்குப் போகும் வழி அடைபட்டிருக்கிறது.

“சர்வர் ஃபெயில்டு” என்றால் சர்வர் உயிரோடு இருக்கிறது, ஆனால் அதனால் பதிலைத் தேடிப் பிடிக்க முடியவில்லை. எல்லாத் தளத்துக்கும் இப்படி வந்தால் கம்பெனி சர்வரில் கோளாறு. ஒரே ஒரு தளத்துக்கு மட்டும் வந்தால் பெரும்பாலும் அந்தத் தளத்துக்காரர் பக்கம்.

“நான் எக்ஸிஸ்டன்ட் டொமைன்” என்பது அப்படி ஒரு பெயரே இல்லை என்ற தெளிவான பதில். எழுத்துப் பிழையா என்று பாருங்கள்.

“க்வெரி ரெஃப்யூஸ்டு” சுவாரசியமானது. எப்போதோ யாரோ உங்கள் லேப்டாப்பில் உள்ளூர் கம்பெனியின் டிஎன்எஸ் எண்ணைக் கையால் போட்டுவிட்டிருப்பார்கள். இப்போது மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தால், வெளியாள் கேட்கிறான் என்று அந்தச் சர்வர் கதவைச் சாத்தும். கம்பெனியைத் திட்டுவதற்கு முன் அந்த எண்ணை அழித்துப் பாருங்கள்.

உடனே வேலை ஆக வேண்டும். லேப்டாப்பில் டிஎன்எஸ்ஸை எப்படி மாற்றுவது?

விண்டோஸ் 11-ல்: செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை, ஹார்ட்வேர் பிராப்பர்ட்டீஸ். அங்கே ‘டிஎன்எஸ் சர்வர் அசைன்மென்ட்’ வரிக்கு எதிரே உள்ள எடிட்டை அழுத்தி மேனுவல் ஆக்குங்கள். ஐபிவி4-ஐ ஆன் செய்து, முதல் கட்டத்தில் 8.8.8.8, இரண்டாவதில் 9.9.9.9 போட்டுச் சேமியுங்கள்.

அதே திரையில் ஐபிவி6-ம் (நீளமான புதுவகை ஐபி எண்) இருக்கும். மாற்றிய பிறகும் வரவில்லை என்று சொல்பவர்களில் பலர் விட்டுவிடுவது இதைத்தான். கம்ப்யூட்டருக்கு ஐபிவி6 வழியாகவும் கம்பெனியின் டிஎன்எஸ் எண் வந்திருந்தால், நீங்கள் போட்ட புது எண்ணை ஒதுக்கிவிட்டு அது பழையதையே கேட்டுக்கொண்டிருக்கும். ஐபிவி6-ஐயும் ஆன் செய்து 2001:4860:4860::8888 என்று முதல் கட்டத்திலும், 2606:4700:4700::1111 என்று இரண்டாவதிலும் போடுங்கள். நடுவில் இரட்டை முக்காற்புள்ளி உண்டு, கவனம்.

பிறகு கறுப்புத் திரையில் ஐபிகான்ஃபிக், இடைவெளி, சாய்கோடு, ஃப்ளஷ்டிஎன்எஸ் என்று தட்டி என்டர். பழைய தோல்விகளை நினைவிலிருந்து துடைக்கும் வேலை இது. பிரவுசரை மூடித் திறங்கள்.

மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸ், வைஃபை, டீட்டெய்ல்ஸ், டிஎன்எஸ் என்று போய்க் கூட்டல் குறியை அழுத்தி அதே எண்களைச் சேர்க்கலாம்.

ஆண்ட்ராய்டு போனில் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ போட்டால் போதுமே?

நல்ல நாளில் போதும். சர்வர் முழுக்கப் படுத்த நாளில் போதாது. ஆண்ட்ராய்டு 9-லிருந்து வந்த இந்த வசதியில் எண் போட முடியாது, டிஎன்எஸ்.கூகுள் என்பது மாதிரி ஒரு பெயரைத்தான் போட வேண்டும். அந்தப் பெயருக்கு எண் என்ன என்று போன் முதலில் யாரைக் கேட்கும்? படுத்துக்கிடக்கும் அதே கம்பெனி டிஎன்எஸ்ஸைத்தான். கம்பெனி சர்வர் திணறித் திணறி ஓடும்போது பிரைவேட் டிஎன்எஸ் கைகொடுக்கும். ஒரேயடியாக நின்றுவிட்டால் “பிரைவேட் டிஎன்எஸ் சர்வரை அணுக முடியவில்லை” என்று செய்தி வரும்.

அப்போது வைஃபை பெயரை அழுத்தி, மாடிஃபை, அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஐபி செட்டிங்ஸ் என்று போய் ‘டிஹெச்சிபி’ (மோடமே எண்களைத் தரும் முறை) என்பதை ‘ஸ்டாட்டிக்’ (கையால் போடும் முறை) ஆக்குங்கள். மாற்றும் முன் இப்போது உள்ள ஐபி எண்ணையும் கேட்வே எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். அதே எண்களை மறுபடி போட்டு, நெட்வொர்க் பிரிஃபிக்ஸ் 24 என்று வைத்து, டிஎன்எஸ் 1-ல் 8.8.8.8, டிஎன்எஸ் 2-ல் 9.9.9.9 கொடுங்கள். ஐபி எண்ணை மனம்போனபடி போடாதீர்கள். வீட்டில் இன்னொரு கருவிக்கு அதே எண் இருந்தால் இரண்டும் மாறி மாறி அறுபடும். கோளாறு தீர்ந்ததும் டிஹெச்சிபிக்குத் திருப்பிவிடுங்கள். பிரைவேட் டிஎன்எஸ்ஸையும் ஆட்டோமேட்டிக்கில் விடுங்கள். பெயர் போட்டு வைத்திருந்தால் விடுதிகளிலும் ரயில் நிலையங்களிலும் வைஃபைக்கு ஓடிபி கேட்கும் பக்கம் திறக்காமல் அடம்பிடிக்கும்.

ஐபோனில் வேலை எளிது: செட்டிங்ஸ், வைஃபை, பெயருக்கு எதிரே உள்ள ‘ஐ’ வட்டம், கான்ஃபிகர் டிஎன்எஸ், மேனுவல். ஆனால் இது வைஃபைக்கு மட்டும். மொபைல் டேட்டாவுக்கு மாற்ற கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 ஆப் மாதிரி ஏதாவது முன்கூட்டியே போட்டு வைத்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு கருவியாக மாற்றாமல் மோடத்திலேயே மாற்ற முடியாதா?

முடியும், அதுதான் சரியான இடமும். பிரவுசரில் 192.168.1.1 திறந்து, மோடத்தின் அடியில் ஒட்டியிருக்கும் பெயர், பாஸ்வேர்டு போட்டு உள்ளே போங்கள். இரண்டு இடங்களில் மாற்றலாம். வான் பகுதியில் பிபிபிஓஇ (கம்பெனியில் லாகின் செய்யும் முறை) அமைப்பில் ‘டிஎன்எஸ்ஸைத் தானாகப் பெறு’ என்பதை எடுத்துவிட்டு எண் போடுவது ஒன்று. லேன் (வீட்டுக் கருவிகள் பக்கம்) பகுதியில் டிஹெச்சிபி அமைப்பில் டிஎன்எஸ் எண் போடுவது இன்னொன்று.

எங்கள் பரிந்துரை இரண்டாவது. பல கம்பெனிகள் வான் பகுதியைப் பூட்டி வைத்திருக்கும். பூட்டாவிட்டாலும், தூரத்திலிருந்து மோடத்தை நிர்வகிக்கும் டிஆர்-069 என்ற முறை வழியாக உங்கள் மாற்றத்தை மறுபடி அழித்துவிடலாம். லேன் பகுதியில் அவர்கள் அவ்வளவாகக் கைவைப்பதில்லை. தவிர, வான் பகுதியில் தப்பாக ஒன்றைத் தொட்டுவிட்டால் லைனே போகும்.

லேனில் மாற்றியதும் கருவிகளுக்கு உடனே தெரியாது. அவை எண்ணைக் குத்தகைக்கு எடுத்தது போல வைத்திருக்கும்; குத்தகைக் காலம் பல மோடங்களில் 24 மணி நேரம். போனில் வைஃபையை அணைத்துப் போட்டால் புதிதாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும். சிசிடிவி பெட்டியில் மட்டும் ஐபியும் டிஎன்எஸ்ஸும் பெரும்பாலும் கையால் போடப்பட்டிருக்கும். வெளியூரிலிருந்து கேமரா பார்க்க முடியவில்லை என்றால் அந்தப் பெட்டியின் நெட்வொர்க் மெனுவிலும் மாற்ற வேண்டும்.

இரண்டு கட்டத்திலும் ஒரே கம்பெனியின் எண்களைப் போடலாமா?

வேண்டாம். 8.8.8.8-ம் 8.8.4.4-ம் கூகுள். 1.1.1.1-ம் 1.0.0.1-ம் கிளவுட்ஃபிளேர். 9.9.9.9 குவாட்9. 208.67.222.222 ஓப்பன் டிஎன்எஸ். பொது டிஎன்எஸ் என்றால் விழவே விழாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2025 ஜூலை 15 அதிகாலையில், நம் நேரப்படி 3.22 முதல் ஏறக்குறைய ஒரு மணி நேரம், கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1-ம் 1.0.0.1-ம் உலகம் முழுக்கச் சேர்ந்தே போயின. அவர்களே செய்த அமைப்புப் பிழைதான் காரணம். அன்றைக்கு இரண்டு கட்டத்திலும் அவர்கள் எண்ணையே வைத்திருந்தவருக்கு இரண்டாவது கட்டம் இருந்தும் இல்லாத மாதிரிதான். ஒன்று இங்கே, ஒன்று அங்கே என்று வையுங்கள்.

அப்படியானால் எப்போதுமே பொது டிஎன்எஸ்ஸில் இருந்துவிடலாமே?

இருக்கலாம், ஆனால் நாங்கள் அவசரப்படுத்த மாட்டோம். வீடியோ தளங்கள் தங்கள் படங்களின் நகலை இணையக் கம்பெனிகளுக்குள்ளேயே வைத்திருக்கும். கம்பெனியின் சொந்த டிஎன்எஸ் அந்தப் பக்கத்து நகலுக்கு அனுப்பும். பொது டிஎன்எஸ் சில நேரம் தூரத்து நகலுக்கு அனுப்பிவிடும். ஃபைபரில் ஒளி ஒரு மில்லி செகண்டுக்குச் சுமார் 200 கிலோமீட்டர்தான் போகும், மலையிலிருந்து தூரம் ஏற்கெனவே அதிகம். கம்பெனியின் ஐபிடிவி, வாடிக்கையாளர் பக்கம் போன்றவை அவர்களின் டிஎன்எஸ்ஸில் மட்டுமே திறப்பதும் உண்டு. மாதத்துக்கு ஒருமுறை படுக்கும் கம்பெனி என்றால் தயங்காமல் மாற்றுங்கள். வருடத்துக்கு ஒருமுறை என்றால் எண்களை எழுதி வைத்தாலே போதும்.

அலுவலக லேப்டாப்பில் வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் லேப்டாப்பைத் தொடாமல் மோடத்தில் மாற்றுங்கள். அலுவலகத்தின் உள் பெயர்களை அவர்கள் டிஎன்எஸ் மட்டும்தான் அறியும். லேப்டாப்பில் கைவைத்தால் விபிஎன் போட்டும் அவை திறக்காமல் போகலாம்.

எல்லாம் மாற்றியாகிவிட்டது. பிங் வருகிறது. இன்னும் திறக்கவில்லை.

மூன்று காரணங்களைப் பாருங்கள். ஒன்று, மேலே சொன்ன ஐபிவி6.

இரண்டு, கருவியின் தேதி. பழைய லேப்டாப்பில் பயாஸ் பேட்டரி செத்து, கரண்ட் போய் வந்ததும் பல வருடம் பின்னால் போயிருந்தால், டிஎன்எஸ் சரியானாலும் பாதுகாப்புச் சான்றிதழ் பிழை என்று எந்தத் தளமும் திறக்காது.

மூன்றாவது கொஞ்சம் ஆழமானது. சில கம்பெனிகள், நீங்கள் 8.8.8.8 என்று கேட்டாலும் 53-ஆம் போர்ட் (டிஎன்எஸ் கேள்விகளுக்கான வாசல்) வழியாகப் போகும் கேள்வியை நடுவிலேயே மறித்துத் தங்கள் சர்வருக்குத் திருப்பிவிடும். அந்தச் சர்வர் படுத்தால் நீங்கள் எந்த எண் போட்டும் பயனில்லை. இதைக் கண்டுபிடிக்க, நெட் நன்றாக இருக்கும்போது என்எஸ்லுக்கப் கூகுள்.காம் 192.0.2.1 என்று தட்டிப் பாருங்கள். அது உதாரணங்களுக்காக மட்டும் ஒதுக்கப்பட்ட எண், அங்கே எந்தச் சர்வரும் கிடையாது. அங்கிருந்து பதில் வந்தால் யாரோ நடுவில் உட்கார்ந்து பதில் சொல்கிறார்கள். அதைக் கடக்க விண்டோஸ் 11-ல் டிஎன்எஸ் எண்ணுக்குக் கீழே உள்ள ‘டிஎன்எஸ் ஓவர் ஹெச்டிடிபிஎஸ்’ஸை ஆன் செய்யுங்கள். கேள்வி 443-ஆம் போர்ட்டில் பூட்டிப் போகும், நடுவில் யாரும் பிரித்துப் படிக்க முடியாது.

மோடத்தை ரீசெட் செய்தால் சரியாகுமா?

அணைத்துப் போடுவது வேறு, ரீசெட் வேறு. அணைத்து அரை நிமிடம் விட்டுப் போடுவதில் தவறில்லை. கம்பெனி மாற்று டிஎன்எஸ் எண் கொடுத்திருந்தால் மறுபடி இணையும்போது அது வந்துவிடும். ஒருமுறை போதும். பத்து முறை செய்தாலும் அதே பதில்தான்.

பின்பக்கத் துளையில் ஊசி விட்டு அழுத்தும் ரீசெட்டை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். பிபிபிஓஇ பெயர், பாஸ்வேர்டு, விலேன் எண் எல்லாம் அழிந்துவிடும். கம்பெனியின் டிஎன்எஸ் ஒரு மணி நேரத்தில் எழுந்துவிடும். உங்கள் மோடத்தை எழுப்ப லைன்மேன் வண்டி எடுத்துக்கொண்டு மஞ்சூர் வரை வர வேண்டும். பச்சை முனையுள்ள ஃபைபர் கனெக்டரைப் பிடுங்கித் துடைத்து மாட்டும் பழக்கமும் வேண்டாம். விரல் பட்ட தூசியே ஒளியைக் குறைக்கும். கழற்றிய முனையைக் கண்ணருகே வைத்துப் பார்ப்பது ஆபத்து.

சீசன் நேரத்தில் விடுதியிலும் கடையிலும் இப்படி ஆனால்?

விடுதி என்றால் மோடத்தின் லேன் பகுதியில் இரண்டு வேறு கம்பெனிகளின் எண்களை மே மாதத்துக்கு முன்பே போட்டு வையுங்கள். டிஹெச்சிபி குத்தகையை 1 மணி நேரமாகக் குறையுங்கள். அவசரத்தில் மாற்றினால் ஒவ்வொரு அறையாகப் போய்ச் சொல்ல வேண்டியிருக்காது. 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும் என்பதால், பாதி வழியில் நிற்கும் விருந்தினர் உங்களுக்குத்தான் போன் செய்வார். மேஜையில் வேறு கம்பெனி சிம் போட்ட ஒரு போன் இருக்கட்டும்.

கடையில் க்யூஆர் ஸ்கேன் செய்பவர் பெரும்பாலும் தன் மொபைல் டேட்டாவில்தான் செய்வார், பணம் வந்துவிடும். வந்ததா என்று பார்க்கத்தான் உங்களுக்கு நெட் தேவை. வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவுக்கு மாறுங்கள். சிக்னல் ஒரு கோடுகூட நிற்காத எஸ்டேட் பள்ளங்களில் வங்கியின் எஸ்எம்எஸ் அறிவிப்பு வருகிறதா என்று முன்பே சரிபார்த்து வையுங்கள். இன்டர்நெட் இல்லாமல் நடக்கும் *99# சேவையும் உண்டு. ஆனால் அவசரத்தில் முதன்முறையாகப் பழகும் விஷயம் அல்ல அது.

நான் பெங்களூரில் இருக்கிறேன். கோத்தகிரியில் அம்மா மட்டும்தான். போனில் என்ன சொல்லட்டும்?

மெனு எதையும் திறக்கச் சொல்லாதீர்கள். இவ்வளவு போதும்: “அம்மா, அந்த வெள்ளை டப்பாவுல செகப்பு லைட் மினுக்குதா பாரும்மா.” மினுக்கினால் கம்பெனிக்குப் போன். இல்லையென்றால், “சுவிட்சை அணைச்சுட்டு அம்பது எண்ணிட்டுப் போடும்மா.” அப்போதும் வரவில்லை என்றால் போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் இருக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது மோடத்தில் எண்களை மாற்றி வைத்துவிட்டு வாருங்கள்.

கஸ்டமர் கேரில் என்ன சொன்னால் வேலை நடக்கும்?

“நெட் வரல” என்று சொன்னால் மோடத்தை அணைத்துப் போடச் சொல்வார்கள், பிறகு லைன்மேனுக்குப் புகார் போகும். லைன்மேன் வந்து ஒளி அளந்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று புகாரை மூடிவிட்டுப் போவார். அவர் மேல் தப்பில்லை. இப்படிச் சொல்லுங்கள்:

“பான் லைட் பச்சை, லாஸ் இல்லை. 8.8.8.8-க்குப் பிங் வருது. உங்க டிஎன்எஸ் எண்ணைக் கேட்டா டைம் அவுட். 8.8.8.8-ஐக் கேட்டா பதில் வருது. லைன்மேன் வேண்டாம், நெட்வொர்க் டீமுக்கு அனுப்புங்க. டாக்கெட் நம்பர் கொடுங்க.”

என்எஸ்லுக்கப் திரையைப் படம் எடுத்து வைத்திருந்தால் இன்னும் நல்லது.

நெட் இல்லாத நாட்களுக்குப் பணம் கழிப்பார்களா?

டிராய் எனும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் புதிய சேவைத் தர விதிகள் 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ளன. அவற்றின்படி, வயர்லைன் இணைப்பில் பழுது 3 நாளைத் தாண்டினால் போஸ்ட்பெய்டுக்கு வாடகைக் கழிவு, ப்ரீபெய்டுக்கு வேலிடிட்டி நீட்டிப்பு. சில மணி நேர டிஎன்எஸ் கோளாறுக்கு இதில் ஒன்றும் கிடைக்காது. ஆனால் திரும்பத் திரும்ப நடந்தால் டாக்கெட் (புகார்) எண்களைச் சேர்த்து வைத்துக் கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஒரே ஒரு ஆப் மட்டும் வேலை செய்யவில்லை. இதுவும் நம் கம்பெனி டிஎன்எஸ்ஸா?

அநேகமாக இல்லை. 2021 அக்டோபர் 4 இரவு ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் ஆறு மணி நேரம் போல நின்றபோது, அவர்களுடைய டிஎன்எஸ் சர்வர்களுக்குப் போகும் பாதையே இணையத்திலிருந்து மறைந்திருந்தது. 2025 தீபாவளி அன்று மதியம் உலகமெங்கும் பல ஆப்கள் முடங்கியதற்கு, அமேசான் கிளவுடின் அமெரிக்கக் கிழக்குப் பகுதியில் ஒரு டிஎன்எஸ் பதிவு காலியாகிப்போனது தொடக்கம். இந்த இரண்டு நாளும் நம் வீட்டு டிஎன்எஸ்ஸை எதற்கு மாற்றியிருந்தாலும் பயனில்லை. அரசு உத்தரவால் முடக்கப்பட்ட தளம் என்ற அறிவிப்பு வந்தால் அது கோளாறே அல்ல.

உள்ளூர் கேபிள் ஆபரேட்டர்கள் தங்கள் பக்கம் என்ன பார்க்க வேண்டும்?

பல சிறிய இணைப்பகங்களில் மைக்ரோடிக் ரூட்டரே டிஎன்எஸ் வேலையையும் பார்க்கிறது. அதில் ஒரே நேரத்தில் கையாளும் கேள்விகளின் வரம்பு இயல்பாக 100, நினைவகம் 2048 கேபி. சில நூறு வீடுகள் சாயங்காலம் ஒன்றாக உட்கார்ந்தால் இது திணறும். இரண்டையும் உயர்த்துங்கள், அல்லது அன்பவுண்ட் என்ற டிஎன்எஸ் மென்பொருள் போட்ட தனிக் கணினி வையுங்கள். ‘அலவ் ரிமோட் ரிக்வெஸ்ட்ஸ்’ ஆன் செய்தால் வெளி உலகத்துக்கும் கதவு திறக்கும். வெளிப்பக்கம் 53-ஆம் போர்ட்டை ஃபயர்வாலில் மூடாவிட்டால் உங்கள் சர்வரை வைத்து யாரோ யாரையோ தாக்குவார்கள், உங்கள் லைன் நிரம்பி வழியும்.

இரண்டு டிஎன்எஸ் எண் கொடுத்துவிட்டு இரண்டையும் ஒரே பெட்டியில், ஒரே யுபிஎஸ்ஸில் வைப்பது கண்துடைப்பு. ஒன்று மேலே, ஒன்று மேட்டுப்பாளையம் பக்கம் இருக்கட்டும். மலைப்பாதையில் ஃபைபர் அறுந்தாலும் கரண்ட் போனாலும் ஒன்று மிஞ்சும். அன்பவுண்டில் ‘சர்வ் எக்ஸ்பயர்ட்’ வசதியை ஆன் செய்தால், மேலிணைப்பு தடுமாறும்போது காலாவதியான பதிலையாவது தந்து சமாளிக்கும்.

கரண்ட் போய் வந்த பிறகு எல்லாத் தளமும் அல்லாமல் பாதித் தளங்கள் மட்டும் “சர்வர் ஃபெயில்டு” காட்டுகிறதா? சர்வரின் கடிகாரத்தைப் பாருங்கள். தேதி பின்னால் போயிருந்தால் டிஎன்எஸ்செக் (பதில் போலியல்ல என்று காட்டும் முறை) கையொப்பங்கள் செல்லாது என்று சர்வர் அவற்றை ஒதுக்கும். நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி சர்வரைப் பெயராகப் போட்டிருந்தால், அந்தப் பெயரைக் கண்டுபிடிக்கவும் டிஎன்எஸ் வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று எதிர்பார்த்து நின்றுவிடும். என்டிபிக்கு ஐபி எண்ணைப் போடுங்கள், மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள்.

கண்காணிப்பை பிங்கை வைத்துச் செய்யாதீர்கள். டிஎன்எஸ் மென்பொருள் செத்துக் கிடக்கும்போதும் கணினி பிங்குக்குப் பதில் சொல்லும். ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை உண்மையாகவே ஒரு பெயரைக் கேட்டு, பதில் வராவிட்டால் எஸ்எம்எஸ் அனுப்பும்படி வையுங்கள். அந்த எஸ்எம்எஸ் வேறு கம்பெனி சிம்மிலிருந்து போகட்டும்.